18 வயதில் விதவை, மடியில் 4 மாதக் குழந்தை! கிண்டி என்ஜினீயரிங் காலேஜில் நுழைந்த முதல் பெண்

தாம்பரம்,-

தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் மின்சார ரெயிலில் தினமும் போய் வருகிறவர்கள் கிண்டி ஸ்டேஷனை ஆயிரம் தடவை பார்த்திருப்பார்கள். அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, பெரிய பெரிய மரங்களுக்கு நடுவே சிவப்புக் கட்டிடத்தோடு ஒரு என்ஜினீயரிங் காலேஜ் இருப்பதும் தெரியும். இன்றைக்கு அங்கே கூட்டம் கூட்டமாகப் பெண்கள் படிக்கிறார்கள். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பது கூட இல்லை.

ஆனால் 1940-ம் ஆண்டில் அந்தக் காலேஜில் ஒரே ஒரு பெண்தான் இருந்தார். சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஆண் மாணவர்கள். அந்தப் பெண் ஒரு விதவை. அதோடு, பிள்ளை பெற்றவர்! வீட்டில் 3 வயதுப் பெண் குழந்தை அம்மா எப்போது வருவாள் என்று காத்துக்கொண்டு இருந்தது.

அவர் பெயர் அய்யலசோமயாஜுல லலிதா. இந்தியாவின் முதல் பெண் என்ஜினீயர் என்று பின்னாளில் பெயர் பெற்றவர் இவர்தான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

15 வயதில் கல்யாணம்

லலிதா 1919-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் பப்பு சுப்பாராவ். கிண்டி என்ஜினீயரிங் காலேஜில் மின்சாரப் பிரிவு பேராசிரியர். அந்த வீட்டில் மொத்தம் 7 பிள்ளைகள். லலிதா 5-வது.

ஆண் பிள்ளைகள் என்ஜினீயருக்குப் படித்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஆரம்பப் படிப்போடு சரி. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம்.

லலிதாவுக்கு 15 வயதில் கல்யாணம் நடந்தது. இன்று அது குற்றம். அன்று குற்றம் அல்ல. 1930-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்த சாரதா சட்டப்படி பெண்ணுக்கு 14 வயது ஆகி இருந்தால் போதும். அதனால் 15 வயதுக் கல்யாணம் சட்டத்துக்கு உட்பட்ட கல்யாணம்தான்.

ஆனால் தகப்பனார் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார். "கல்யாணம் ஆனால் என்ன? படிப்பு நிற்கக் கூடாது" என்பது அவர் கொள்கை. அதனால் தாலி கட்டிய பிறகும் லலிதா எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தார்.

1937-ம் ஆண்டு லலிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு 4 மாதம் ஆனபோது இடி விழுந்தது. கணவர் இறந்துவிட்டார். லலிதாவுக்கு அப்போது வயது 18.

(நமது தாம்பரத்துக்கும் அது மறக்க முடியாத ஆண்டு. நகரத்தின் நெரிசலில் இருந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரம் காட்டுக்குக் குடிவந்தது அந்த 1937-ல்தான்.)

மொட்டையா? படிப்பா?

அந்தக் காலத்தில் உயர்சாதிக் குடும்பங்களில் விதவையின் கதி என்ன என்பது பெரியவர்களுக்குத் தெரியும். தலையை மழிப்பார்கள். வெள்ளைப் புடவை. ஒரு வேளைச் சாப்பாடு. நல்ல காரியங்களில் எதிரே வரக்கூடாது. மறு கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. 18 வயதுப் பெண் 80 வயது வரை அடுக்களை இருட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

இதை எதிர்த்து ஏற்கனவே சென்னையில் ஒரு பெண் போராடி இருந்தார். அவர் சகோதரி சுப்புலட்சுமி. அவரே ஒரு பால்ய விதவை. 1911-ம் ஆண்டு பி.ஏ. பாஸ் செய்தார். தன்னைப் போன்ற சிறுமிகளைச் சேர்த்துப் படிக்க வைத்தார். கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டிடம் (இன்றைய விவேகானந்தர் இல்லம்) ஒரு காலத்தில் பால்ய விதவைகளின் விடுதியாக இருந்தது அவருடைய முயற்சியால்தான். அங்கிருந்து படித்து வாத்தியாரம்மா ஆனவர்கள் ஏராளம்.

ஆனால் விதவை வாத்தியாரம்மா ஆகலாம், அதிகம் போனால் டாக்டர் ஆகலாம் என்ற அளவுக்குத்தான் உலகம் வந்திருந்தது. கைக்குழந்தையோடு இருக்கிற விதவை என்ஜினீயர் ஆவாள் என்று யாரும் கனவில் கூட நினைக்கவில்லை.

லலிதா மாமியார் வீட்டோடு முடங்கவில்லை. தகப்பன் வீட்டுக்கு வந்தார். "நான் படிக்க வேண்டும். என் காலில் நிற்க வேண்டும்" என்ற முடிவோடு இருந்தார். தகப்பனார் தடை சொல்லவில்லை.

கடற்கரைச் சாலை ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்தார். சென்னையில் பெண்களுக்கென்று 1914-ல் தொடங்கிய முதல் கல்லூரி அது. அங்கே முதல் வகுப்பில் பாஸ் செய்தார்.

டாக்டர் படிப்பு வேண்டாம்!

அடுத்து என்ன படிப்பது? "டாக்டருக்குப் படி" என்று சொல்வதுதான் அந்தக் காலத்து நடைமுறை. லலிதாவுக்கு மார்க்கும் இருந்தது. ஆனால் அவர் வேண்டாம் என்றார்.

காரணம் குழந்தை!

டாக்டர் ஆனால் நடு ராத்திரியில் பிரசவம் என்று கூப்பிடுவார்கள். குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். அது தன்னால் முடியாது. காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் வேலைதான் வேண்டும் என்று லலிதா நினைத்ததாக அவருடைய மகளே பின்னாளில் சொல்லி இருக்கிறார்.

அண்ணன் தம்பிகளும் அப்பாவும் என்ஜினீயர்கள். வீட்டில் சாப்பிடும்போது கூட மோட்டாரும் டைனமோவும்தான் பேச்சு. "நானும் என்ஜினீயருக்கே படிக்கிறேன்" என்றார் லலிதா.

சொல்வது சுலபம். இடம் யார் தருவது? கிண்டி காலேஜின் மூலம் 1794-ல் தொடங்கிய சர்வே பள்ளிக்கூடம். அத்தனை காலத்தில் ஒரு பெண் கூட அங்கே படித்தது இல்லை.

சுப்பாராவ் நேரே பிரின்சிபாலைப் போய்ப் பார்த்தார். அப்போது பிரின்சிபால் கே.சி. சாக்கோ. அவர் "பார்க்கலாம்" என்று தட்டிக் கழிக்கவில்லை. ஒப்புக்கொண்டார். ஆனால் மேலிடத்து உத்தரவு வேண்டுமே! மாகாணக் கல்வித்துறை டைரக்டராக இருந்தவர் ஆர்.எம். ஸ்டாதம் என்ற வெள்ளைக்காரர். அவரும் சரி என்றார்.

1940-ம் ஆண்டு லலிதா மின்சார என்ஜினீயரிங் வகுப்பில் காலடி எடுத்து வைத்தார்.

சனிக்கிழமை அம்மா

காலேஜ் ஹாஸ்டலில் லலிதாவுக்கு என்று தனி ஏற்பாடு செய்தார்கள். மாணவர்கள் யாரும் வம்பு தும்பு செய்யவில்லை. மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் பேசக் கூட இன்னொரு பெண் இல்லை. சாயங்காலம் ஆனால் தனிமை.

குழந்தை மாமா வீட்டில் வளர்ந்தது. வாரக் கடைசியில் லலிதா போய்ப் பார்த்துவிட்டு வருவார். வாரம் பூராவும் கணக்கும் வரைபடமும். சனி, ஞாயிறு வந்தால் அம்மா வேலை.

பெண்ணின் தனிமையைப் பார்த்த சுப்பாராவ் இன்னொரு காரியம் செய்தார். "இங்கே பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் கொடுங்கள்" என்று காலேஜில் கேட்டுக்கொண்டார். விளம்பரம் வந்தது. பலனும் வந்தது. கேரளப் பகுதியில் இருந்து பி.கே. தெரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்ற இரண்டு பெண்கள் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்குத் திறந்த கதவு மூவருக்கு வழி விட்டது. இந்தத் தெரேசியாதான் பிறகு 1971-ல் கேரள அரசின் பொதுப்பணித்துறைக்குத் தலைமை என்ஜினீயர் ஆனவர்.

லலிதா 1943-ல் பட்டம் பெற்றார். அப்போது ஒரு வேடிக்கை. பட்டச் சான்றிதழில் "அவன்" என்ற பொருள்பட ஆண்பால் வார்த்தைதான் அச்சடித்து இருந்தது. பெண் வாங்குவாள் என்று யார் நினைத்தார்கள்? கடைசியில் அந்த வார்த்தையைப் பேனாவால் அடித்து, "அவள்" என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள்!

ஜமால்பூர், சிம்லா, கல்கத்தா

பட்டத்தோடு லலிதா நிற்கவில்லை. பீகாரில் இருக்கும் ஜமால்பூர் ரெயில்வே தொழிற்சாலையில் ஓராண்டு தொழில் பழகினார். எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புச் சத்தமும் நிறைந்த இடம் அது. அடுத்து சிம்லாவில் மத்திய அரசின் தர நிர்ணய அலுவலகத்தில் என்ஜினீயரிங் உதவியாளர் வேலை. சிம்லாவில் அண்ணன் குடும்பம் இருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததால் அந்த வேலை தோதாக இருந்தது.

பிறகு கொஞ்ச காலம் சென்னையில் தகப்பனாரின் ஆராய்ச்சிகளுக்கு உதவியாக இருந்தார். புகை வராத அடுப்பு அந்த ஆராய்ச்சிகளில் ஒன்று. ஆனால் குடும்பத்துக்குச் சம்பளம் வேண்டும். 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கேயும் ஒரு சகோதரர் குடும்பத்தோடுதான் வாசம். லலிதா வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைக் கவனித்துக்கொண்டவர் அண்ணியார்.

மின்சாரக் கம்பித் தடங்களையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைப்பது லலிதாவின் வேலை. நாடே பேசிய பக்ரா நங்கல் அணையின் மின்சார ஜெனரேட்டர் வேலையிலும் அவர் பங்கு உண்டு. சைட்டுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கும் வேலையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மேஜையில் உட்கார்ந்து செய்யும் டிசைன் வேலையைத் தேர்ந்தெடுத்தார். அதற்கும் காரணம் மகள்தான்.

1964-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் உலகப் பெண் என்ஜினீயர்கள், விஞ்ஞானிகளின் முதல் மாநாடு நடந்தது. லலிதா அதற்குப் போனார். புடவை கட்டிய இந்தப் பெண்ணைப் பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். 150 ஆண்டுகளுக்கு முன்பு என்றால் கணவரின் சிதையில் தன்னையும் வைத்து எரித்திருப்பார்கள் என்று அவர் அங்கே பளிச்சென்று சொன்னார்.

லலிதா மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1979-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி, 60-வது வயதில் காலமானார்.

இன்றைய லலிதாக்கள்

இது பழைய கதை. இன்றைக்கு நிலைமை என்ன?

2019-21-ம் ஆண்டு நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்வது இதுதான். தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு சுமார் 13 பேருக்கு 18 வயது நிரம்பும் முன்பே கல்யாணம் ஆகி இருக்கிறது. 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 6 பேர் கணக்கெடுப்பு நேரத்தில் தாயாகி இருந்தார்கள், அல்லது கர்ப்பமாக இருந்தார்கள்.

பட்டிக்காட்டுச் சமாசாரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், பெருங்களத்தூர் எல்லாம் சேர்ந்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. தொழிற்சாலை வேலைக்கும் கட்டிட வேலைக்கும் வெளியூரில் இருந்து வந்த குடும்பங்கள் ஒற்றை அறை வாடகை வீடுகளில் நெருக்கி அடித்துக்கொண்டு வாழும் பகுதிகள் இவை. அப்பா, அம்மா இருவரும் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பெண் வயதுக்கு வந்துவிட்டால் பயம். "காலம் கெட்டுக் கிடக்கு, ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டா நிம்மதி" என்று ஊர்க் கோயிலில் அவசர அவசரமாகத் தாலி கட்டி வைக்கிறார்கள். சில பெண்கள் காதல் என்று ஓடிப் போகிறார்கள். சில பெண்கள் தெரிந்தவன், உறவுக்காரன் என்று நம்பிச் சீரழிகிறார்கள். எப்படி ஆனாலும் கடைசியில் பிள்ளையைச் சுமப்பது அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெண்ணின் கல்யாண வயது 1978-ல் 18 ஆனது. 2006-ம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, கல்யாணம் செய்கிற வயது வந்த ஆணுக்கும், நடத்தி வைப்பவருக்கும், அனுமதிக்கும் பெற்றோருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கும்.

2012-ம் ஆண்டு போக்சோ சட்டம் இதைவிடக் கடுமையானது. 18 வயது ஆகாத பெண் "சம்மதித்தாள்" என்று சொல்வது செல்லாது. தாலி கட்டிய புருஷன் என்றாலும் தப்ப முடியாது என்று 2017 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிவிட்டது. விஷயம் தெரிந்தவர்கள் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் அதே கடமை.

சட்டம் பெண்ணைக் காப்பாற்றத்தான் வந்தது. ஆனால் நடப்பது என்ன? "ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும், மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவார்கள்" என்று பயந்து சில குடும்பங்கள் பெண்ணை ஒளித்து வைக்கின்றன. வயதைக் கூட்டிச் சொல்கின்றன. மாதா மாதம் காட்ட வேண்டிய பரிசோதனைக்கு அழைத்துப் போவது இல்லை. சின்ன வயதுப் பிரசவத்தில் ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, வலிப்பு, எடை குறைந்த குழந்தை என்று ஆபத்து அதிகம். ஒளித்து வைத்தால் ஆபத்து இரட்டிப்பு.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சட்டத்தின் கண்ணில் அந்தப் பெண் குற்றவாளி அல்ல. பாதிக்கப்பட்டவள். அவள் பெயர், முகம், விலாசம், படிக்கும் பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. 18 வயது ஆகாத பெண் கருவைக் கலைக்க டாக்டரிடம் போனால், அவள் பெயரைச் சொல்லாமலே டாக்டர் போலீசுக்குத் தகவல் தரலாம் என்று 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி இருக்கிறது.

"இனிமே என்ன படிப்பு?"

பிள்ளை பெற்ற பிறகு பெரிய கேள்வி படிப்பு. பிள்ளை ராத்திரி 3 தடவை எழுந்து அழும். விடிந்தால் துணி அலசல், சமையல். மார்பில் பால் கட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார முடியாது. பழைய பள்ளிக்குப் போனால் பிள்ளைகள் குசுகுசுவென்று பேசும். "இனிமே உனக்கு என்ன படிப்பு?" என்று பக்கத்து வீட்டுக்காரியும் கேட்பாள். பெண் தானாகவே நின்றுவிடுகிறாள். யாரும் வெளியே தள்ள வேண்டியதே இல்லை.

ஆனால் வழி இல்லாமல் இல்லை.

பள்ளிக்கூடத்துக்குத் தினமும் போகாமலே 10-ம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதலாம். பிறகு பிளஸ்-2 பரீட்சையும் அப்படியே எழுதலாம். மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது ஆனவர்கள் 10-ம் வகுப்புக்குப் பதியலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியது இல்லை. இந்தத் தடவை இரண்டு, அடுத்த தடவை இரண்டு என்று பிரித்து எழுதலாம். கைக்குழந்தைக்காரிக்கு இது பெரிய சௌகரியம்.

பழைய பள்ளிக்கே திரும்பிப் போக முடிந்தால் இன்னும் நல்லது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ந் தேதி தமிழ்நாட்டில் தொடங்கியது. இடையில் நின்றுவிட்டால் இது போன்ற உதவி எல்லாம் கைநழுவிப் போகும்.

பயமோ மிரட்டலோ இருந்தால் 1098 என்ற நம்பருக்கு டெலிபோன் செய்யலாம். காசு கிடையாது. ராத்திரியானாலும் எடுப்பார்கள். நிச்சயித்த கல்யாணத்தை நிறுத்தவும் இதே நம்பர்தான்.

பிள்ளையை யார் பிடிப்பது?

பரீட்சை இருக்கிறது. புத்தகம் இருக்கிறது. ஆனால் படிக்கிற 2 மணி நேரம் பிள்ளையை யார் பிடித்துக்கொள்வது? எல்லாத் திட்டமும் வந்து முட்டி நிற்கும் இடம் இதுதான்.

2 வயது ஆகிவிட்டால் தெருமுனை அங்கன்வாடி இருக்கிறது. காலையில் விட்டால் மத்தியானச் சாப்பாடும் ஆகிவிடும். ஆனால் அந்த முதல் 2 ஆண்டுதான் கண்டம். ஊரில் என்றால் பாட்டி இருப்பாள், அத்தை இருப்பாள். முடிச்சூரிலோ வண்டலூரிலோ ஒற்றை அறை வீட்டில் யார் இருக்கிறார்கள்? அந்த 2 ஆண்டில் புத்தகத்தை மூடியவள் பிறகு திறப்பது அபூர்வம்.

லலிதாவின் கதையைத் திரும்பப் பாருங்கள். அவர் கெட்டிக்காரர்தான். ஆனால் கெட்டிக்காரத்தனம் மட்டும் அவரைக் கரை சேர்க்கவில்லை. "படி" என்று சொன்ன தகப்பனார் ஒருவர். அவர் அதே காலேஜில் பேராசிரியர் என்பதும் ஒரு பாக்கியம். சட்டப் புத்தகத்தைக் காட்டித் துரத்தாத பிரின்சிபால் ஒருவர். கையெழுத்துப் போட்ட அதிகாரி ஒருவர். வாரம் முழுக்கப் பிள்ளையைச் சுமந்த மாமா வீடு. கல்கத்தாவில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணி. இத்தனை பேர் கை கொடுத்ததால்தான் ஒரு என்ஜினீயர் உருவானார்.

இன்றைக்குத் தாம்பரத்தில் தவிக்கிற பெண்ணுக்குப் பேராசிரியர் தகப்பன் இல்லை. பல பேருக்குத் தகப்பனே பேசுவது இல்லை. அவளுக்கு வேண்டியது பெரிய உதவி அல்ல. மறுபடி சேர்த்துக்கொள்ளும் ஒரு தலைமை ஆசிரியை. தனித்தேர்வு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து தரும் ஒரு குமாஸ்தா. "போய் எழுதிட்டு வா புள்ள, நான் பாத்துக்கறேன்" என்று 3 மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொள்ளும் ஒரு பக்கத்து வீட்டு அக்கா.

அச்சடித்த "அவன்" என்ற வார்த்தையைப் பேனாவால் அடித்து "அவள்" என்று எழுத 1943-ல் கிண்டியில் ஒரு ஆள் இருந்தார். அதற்கு ஒரு நிமிஷம் கூட ஆகி இருக்காது.